புதுப்பிப்பு: மணவாளக்குறிச்சி கருமணல், இரும்புக் கணக்கு

கருமணலில் காந்தம் ஒட்டுகிறதே, இரும்புத்தாதாக விற்க முடியுமா என்ற கேள்விக்கு, முதலில் இரும்புச் சதவீதம் பார்க்கலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். அதில் ஒரு திருத்தம்: சதவீதத்துக்கு முன்னால் கனிமம் எது என்று பார்க்க வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருப்பாகத் தெரிவது பெரும்பாலும் இல்மனைட், அதாவது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த கனிமம். சுத்த இல்மனைட்டில் இரும்பு சுமார் 37%தான், இரும்புத்தாதான மேக்னடைட்டில் 72%. இல்மனைட்டில் மிச்சம் டைட்டானியமும் ஆக்சிஜனும். டைட்டானியம், இரும்பு உருக்கும் ஊது உலையில் கசடைக் கெட்டியாக்கிவிடும், உலைக்காரர் தொடமாட்டார். பெயின்ட் நிறமித் தொழிலுக்கோ அதுதான் சரக்கு.

வீட்டிலேயே பிரித்துப் பார்க்கலாம். மணலை நன்றாகக் காயவைத்து 100 கிராம் எடுங்கள். ஈரம் இருந்தால் எல்லாமே கட்டியாக ஒட்டிக்கொண்டு ஏமாற்றும். சாதாரணக் காந்தத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றி, மணலுக்கு ஒரு விரற்கடை மேலே நகர்த்துங்கள். துள்ளி ஏறுவது மேக்னடைட். இல்மனைட் ஏற வலுவான நியோடைமியம் காந்தம் வேண்டும், அதுவும் உரசினாற்போல. ஏறியதை எடைபோடுங்கள்.

பெரிய தப்பு நடப்பது மாதிரி எடுப்பதில். அலை ஒதுக்கிய கருப்புப் பட்டையை மட்டும் அள்ளினால் தரம் பொய்யாக ஏறும். அந்தப் பட்டை 100 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 10 செ.மீ. கனம் என்றால் வெறும் 200 கன மீட்டர். கீழே ஒரு மீட்டர் துளைத்து, அடுக்கு அடுக்காகப் பிரித்தால்தான் உண்மை தெரியும்.

அத்தோடு இந்த மணலில் கலந்திருக்கும் மோனசைட் என்ற கனிமத்தில் கதிரியக்கமுள்ள தோரியம் உண்டு. மணலை வீட்டுக்குள் குவித்து வைக்காதீர்கள். மோனசைட் அணுக்கனிமம் என்பதால் தனியார் தோண்டி விற்கும் பேச்சுக்கே இடமில்லை. இங்கே எடுப்பது ஒன்றிய அரசின் ஐஆர்இஎல் (IREL) நிறுவனம்.