உதவி தேவை: 1971 எம்ஜிபி ரோட்ஸ்டர், சூடானதும் ஓட ஓட நிண்டுபோகுது

ரெடிங்_71

எல்லாருக்கும் வணக்கம். என்னட்ட இருக்கிறது 1971 எம்ஜிபி ரோட்ஸ்டர், கூரை திறக்கிற பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார். குரோம் பம்பர், 1798 சிசி எஞ்சின், இரட்டை எஸ்யூ எச்எஸ்4 கார்பரேற்றர், ஓவர்டிரைவும் (நீள ஓட்டத்துக்கு எஞ்சின் சுத்து குறைக்கிற மேலதிக கியர்) இருக்கு. போன வருசம் ஒரு வயசான வெள்ளைக்காரரிட்ட வாங்கினனான். சின்ன வயசில இருந்து ஆசைப்பட்ட கார். கராஜுக்குள்ள போர்த்தி வைக்க வாங்கேல்ல, ஓடத்தான் வாங்கினது.

காலமை சோக் இழுத்து ஸ்ராட் பண்ணினா உடன பிடிக்குது. ரவுனுக்குள்ள கடை தெருவுக்குப் போய்வர ஒரு குறையும் இல்லை. ஆனா ஏ34 நெடுஞ்சாலையில ஏறி அபிங்டன் பக்கம் 55, 60 மைல் வேகத்தில ஓடினா, ஒரு அரை மணித்தியாலத்தில முதல் லேசா இழுக்கும், பேந்து ரெண்டு மூண்டு தரம் வெட்டும், அப்பிடியே நிண்டிடும். கரையில விட்டுக் கால் மணித்தியாலம் பொறுத்தா திரும்ப நல்லா ஸ்ராட் ஆகும். கொஞ்சத் தூரம் போக அதே கதை.

சூட்டு முள் நடுவில நிக்குது, ஒயில் பிரஷர் ஓடேக்க 60. பெற்றோல் பில்டர், பிளக், பிளக் வயர் எல்லாம் புதுசு. ஒரு கராஜில காட்ட, கார்பரேற்றரைக் கழட்டித் துப்புரவாக்கித் தந்தவை, ஒரு மாற்றமும் இல்லை. இப்ப பெற்றோல் பம்பை மாத்தச் சொல்லினம். காசு குடுக்க முதல் இதில அனுபவம் உள்ள ஆக்களிட்டக் கேப்பம் எண்டு எழுதுறன்.

ஹரோ_வாசி

இது வேபர் லொக். பெற்றோல் குழாய்க்குள்ளேயே கொதிச்சு ஆவியாகுது. 2021 செப்டெம்பரில இருந்து சாதாரண பெற்றோல் எல்லாம் ஈ10 தானே, எத்தனோல் கூட. எத்தனோல் குறைஞ்ச சுப்பர் ஈ5 அடிச்சுப் பாருங்கோ. என்ர ரப்பர் பம்பர் ஜிடிக்கு (கூரை மூடின எம்ஜிபி) நான் அதுதான் அடிக்கிறது.

திருச்சி_டெர்பி

ஈ5 போடச் சொன்னது நல்ல யோசனை, பழைய ரப்பர் ஹோஸை எத்தனால் அரிச்சிடும். அந்த ஒரு காரணமே போதும். ஆனா இந்தக் கோளாறு வேபர் லாக் மாதிரி எனக்குத் தோணலைங்க. எம்ஜிபியில பம்ப் எஞ்சின் மேல இல்ல, பின்னாடி டேங்க் பக்கம் இருக்கு. அங்கேருந்து பெட்ரோலைத் தள்ளுது, இழுக்கல. அதனால லைன்ல ஆவி கட்டுறது குறைவு. அதோட கார்பரேட்டர் சூடு பிடிக்கிற பிரச்சனை, வண்டியை நிறுத்திப் பத்து நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணும்போதுதான் வரும். 60 மைல்ல காத்து அடிக்க ஓடிட்டிருக்கும்போது நிக்கிறது வேற கேஸ்.

ஒண்ணு மட்டும் செஞ்சு பாருங்க. நின்ன உடனே டேங்க் மூடியைத் திறங்க. உஸ்ஸுன்னு காத்து உள்ளே இழுத்தா, டேங்குக்குக் காத்து போற வழி அடைச்சிருக்குன்னு அர்த்தம். செலவே இல்லாத சோதனை.

கொவென்றி_மாமா

தம்பி, பம்பை இப்ப மாத்தாதையும். நான் கொவென்றியில கன காலம் கராஜ் வேலை செய்து ஓய்வெடுத்தவன். சூட்டில நிண்டு ஆற ஓடுற காருக்கு வழமையான காரணம் நாலு: கொயில் (பிளக்குக்குப் பெரிய வோல்ற்றேஜ் குடுக்கிறது), கொண்டென்சர், ரோட்டர் ஆம் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள சுழண்டு அதைப் பிளக்குகளுக்குப் பிரிக்கிறது), பெற்றோல் பம்ப். நாலையும் ஒண்டா வாங்கிப் போட்டா எது பிழைச்சது எண்டு கடைசிவரைக்கும் தெரியாது. அதோட இப்ப வாற புதுக் கொண்டென்சரும் ரோட்டர் ஆமும் சிலது பெட்டிக்குள்ள இருந்து எடுக்கேக்கயே பழுது. நல்லா ஓடுற பழைய சாமானைக் கழட்டி எறிஞ்சுபோட்டு அதைப் போடுறது எனக்குப் பிடிக்காத வேலை.

நிண்ட இடத்தில, ஆற முதல், பெற்றோலா கறண்டா எண்டு பிரிச்சுப் பாக்கவேணும். ஆறினாப் பிறகு எல்லாம் நல்லாத்தான் காட்டும். ஆனா ஏ34 கரையில நிண்டு பொனற்றைத் திறக்கிற வேலை வேண்டாம். அங்க நிண்டா இறங்கித் தடுப்புக்கு அங்கால போய் நிண்டு ஆளைக் கூப்பிடும். சோதிக்கிறதுக்கு வீட்டுக்குக் கிட்ட இருக்கிற சின்ன ரோட்டுகளில ஓடிச் சூடாக்கும்.

வெட்டத் தொடங்கினதும் கிளச்சை மிதிக்காமல் கியரிலயே உருளவிட்டு ஆர்பிஎம் மீற்றரைப் பாரும். கார் உருளேக்கயே முள் திடீரெண்டு சைபருக்கு விழுந்தா 12 வோல்ட் பக்கம் அறுகுது: சாவி ஸ்விச், வெள்ளை வயர், பொயின்ற்ஸ் (கொயிலுக்குப் போற கறண்டை விட்டு விட்டு வெட்டுற முனை), இதுக்குள்ள ஒண்டு. முள்ளும் காரோட சேர்ந்து மெல்ல இறங்கினா அந்தப் பக்கம் நல்லம். பெற்றோல் இல்லை, இல்லாட்டி பிளக்குக்குப் போற பெரிய வோல்ற்றேஜ் பக்கம்.

நிண்டதும் சாவியை அணைச்சுத் திருப்பிப் போட்டுப் பின்னால காதைக் குடும். எஸ்யூ பம்ப் பல்லி சொல்லுற மாதிரி டிக் டிக் எண்டு கொஞ்சம் அடிச்சு, கார்பரேற்றர்க் கிண்ணம் நிரம்பினதும் அடங்கும். ஒருக்கா அடிச்சு அடங்கினாலும் சரிதான். விடாமல் அடிச்சுக்கொண்டே இருந்தா பெற்றோல் வரேல்ல, காத்து இழுக்குது. சத்தமே இல்லையெண்டா பம்பின்ர பொயின்ற்ஸ், இல்லாட்டி ஏர்த் வயர். கேட்டு முடிய சாவியை அணையும். எஞ்சின் நிக்கேக்க சாவியை விட்டு வைச்சா கொயில் சும்மா சூடாகும்.

பிறகு டிஸ்ட்ரிபியூட்டரின்ர நடு வயரைக் கழட்டி, பிளாஸ்ரிக் பிடி போட்ட பிளையரால பிடிச்சு, எஞ்சின் இரும்புக்கு 6 மில்லிமீற்றர் தள்ளி வையும். வேற ஆள் ஸ்ராட்டர் அடிக்கவேணும். பெற்றோல் மணம் இருந்தா இதைச் செய்யாதையும். தடிப்பா, நீலமா, சடசட எண்டு பாய்ஞ்சா கொயில் நல்லம். மூடியைக் கழட்டி அதே வயரை ரோட்டர் ஆமின்ர நடுவுக்குக் கிட்டப் பிடிச்சும் பாரும். அங்க பாயப்படாது. பாய்ஞ்சா ரோட்டர் ஆமுக்குள்ளால கறண்டு தண்டுக்குக் கசியுது. நடுவில ஆணி அடிச்ச மலிவான ரோட்டர் ஆம் பலது அப்பிடித்தான் போறது.

ரெடிங்_71

மாமா, நீங்கள் சொன்ன மாதிரியே செய்து பாத்தன். மச்சானையும் கூட்டிக்கொண்டு போனனான்.

வெட்டேக்க ஆர்பிஎம் முள் விழேல்ல, காரோட சேர்ந்து இறங்கினது. பம்ப் ரெண்டு தரம் அடிச்சு அடங்கிச்சு. டாங்க் மூடியில காத்து இழுக்கிற சத்தம் இல்லை. நடு வயரில பொறி வந்தது, ஆனா மெல்லிசா, செம்மஞ்சள் நிறத்தில, இடைக்கிடை வராமலும் விட்டுது. ரோட்டர் ஆமுக்குப் பாயேல்ல. கொயிலில கை வைக்கவே ஏலாது, அவ்வளவு சூடு. அது இவ்வளவு சூடாகிறது வழமையோ?

கொவென்றி_மாமா

இல்லைத் தம்பி. கொயில் சூடாகும்தான், ஆனா கை வைக்க ஏலாத அளவுக்குச் சூடாகப்படாது. கொயிலின்ர ரெண்டு சின்ன வயரையும் கழட்டிப்போட்டு மல்ரிமீற்றரால ஓம் அளந்து சொல்லும். முதல் மீற்றரின்ர ரெண்டு ஊசியையும் ஒண்டோடொண்டு முட்டி வைச்சு, அதில காட்டுறதைக் கழிச்சுவிடும். சின்னக் கணக்கில அந்த அரை ஓம் ஆளை ஏமாத்திப்போடும்.

ரெடிங்_71

கழிச்சுப் பாக்க 1.5 ஓம். சாவி போட்டா கொயிலுக்கு முழு பற்றறி வோல்ற்றேஜும் வருது.

கொவென்றி_மாமா

அதுதான் காரின்ர வருத்தம். உம்மட 1971 காருக்குப் பலாஸ்ற் (கொயிலுக்குப் போற வோல்ற்றேஜைக் குறைக்கிற ரெசிஸ்ரன்ஸ்) இல்லை, அதுக்கு 3 ஓம் கொயில் வேணும். ஆரோ முந்தி வைச்சிருந்தவை பலாஸ்ற் காருக்குரிய 1.5 ஓம் கொயிலைப் போட்டிருக்கினம். பாக்கிறதுக்கு ரெண்டும் ஒரே உருவம், ஒரே பூட்டு. 12 வோல்ட்டுக்கு 3 ஓம் எண்டா 4 அம்பியர் போகும், 1.5 எண்டா 8 அம்பியர். கறண்டும் இரட்டிப்பு, சூடும் இரட்டிப்பு. குறுகின ஓட்டத்தில தாக்குப் பிடிக்கும், நீள ஓட்டத்தில எஞ்சின் சூடும் சேர உள்ளுக்குள்ள வயர்க் காப்பு விட்டுப் பொறி செத்துப்போகும். ஆற உயிர் வரும்.

லூகாஸ் டிஎல்பி101 இல்லாட்டி டிஎல்பி105 வகை வாங்கும். அந்த 8 அம்பியர் பொயின்ற்ஸுக்குள்ளாலயும் போயிருக்கும், அதைத் திறந்து பாக்காமல் விடாதையும்.

திருச்சி_டெர்பி

மாமா சொன்ன ஆர்பிஎம் மீட்டர் யோசனை எனக்குப் புதுசு. என் வண்டி பக்கத்துலயும் எழுதி ஒட்டிக்கிறேன். ரொம்ப நன்றிங்க.

ரெடிங்_71

சரிவந்திட்டுது! 3 ஓம் கொயில் போட்டு, ரெடிங்கில இருந்து ஒக்ஸ்போர்ட் தாண்டிப் போய்த் திரும்பி வந்தனான். ஒரு இடத்திலயும் வெட்டேல்ல. கொயிலில கை வைச்சுக்கொண்டு இருக்கலாம். திரும்பி வரேக்க ஓவர்டிரைவைப் போட்டு மேல்கூரையை இறக்கி வைச்சு ஓடினன், இந்தக் காரை ஏன் வாங்கினனான் எண்டு அப்பதான் வடிவா விளங்கிச்சு.

பொயின்ற்ஸ் ஒரு பக்கம் குழி, மற்றப் பக்கம் மேடு. புதுசு போட்டிட்டன். பம்ப் மாத்துற காசு மிச்சம். மாமாவுக்கு எப்பிடி நன்றி சொல்லுறது எண்டு தெரியேல்ல.

கொவென்றி_மாமா

சந்தோசம் தம்பி. பொயின்ற்ஸ் இடைவெளி 0.35இல இருந்து 0.40 மில்லிமீற்றர், அதை வைச்சாப் பிறகுதான் ரைமிங் (பொறி வாற நேரம்) பாக்கிறது. இடைவெளி மாற ரைமிங்கும் மாறும். புதுப் பொயின்ற்ஸின்ர குதி கொஞ்சம் தேயும், அதால கொஞ்ச நாள் ஓடிப்போட்டு இன்னொருக்கா அளவும். தண்டின்ர காமில ஒரு பொட்டுக் கிறீஸ் பூசும்.

இன்னொண்டு. 40 வருசம் தாண்டின காருக்கு எம்ஓடி (வருசாந்த வாகனச் சோதனை) கட்டாயம் இல்லை எண்டு விட்டிடாதையும். வருசத்துக்கு ஒருக்கா ஆரும் கீழால பாக்கிறது பிரேக் குழாய்க்கு நல்லது.

ஹரோ_வாசி

அப்ப மாமா, என்ர 1977 ஜிடிக்கும் 3 ஓம் கொயிலோ போடவேணும்? பயந்துபோனன்.

கொவென்றி_மாமா

வேண்டாம். ரப்பர் பம்பர் காரில லூமுக்குள்ளேயே (வயர்க் கட்டுக்குள்ள) ரெசிஸ்ரன்ஸ் வயர் ஓடுது. ஸ்ராட்டர் அடிக்கேக்க மட்டும் முழு வோல்ற்றேஜும் வரும், ஓடேக்க அந்த வயர் குறைச்சுக் குடுக்கும். அதுக்கு 1.5 ஓம்தான் சரி. ஆனா லூமை ஆரும் முந்தி மாத்தினவையோ எண்டு அளந்து பாத்திட்டே போடும். ரெடிங்கார் கழட்டின கொயிலை வாங்காதையும், அது வெந்துபோன சாமான்.

ரெடிங்_71

அது ஏற்கெனவே பழைய இரும்புக்குப் போட்டாச்சு, மாமா.