காரில் ஏர்கான் போட்டதும் ஈரத்துணி வாடை: கேஸ் நிரப்பியும் போகவில்லை

செங்காங்வாசி:

அனைவருக்கும் வணக்கம். எட்டு ஆண்டுகள் ஆன ஜப்பானியக் கார் ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கி ஓட்டி வருகிறேன். காலையில் காரைக் கிளப்பி ஏர்கானைப் போட்ட மாத்திரத்தில், மழைநாளில் சரியாகக் காயாமல் மடித்து வைத்த துணியிலிருந்து வருவது போன்ற ஒரு வாடை வீசுகிறது. சில நிமிடங்களில் அடங்கிவிடுகிறது என்றாலும், சிவப்பு விளக்கில் நிற்கும்போது மறுபடியும் லேசாகத் தலைகாட்டுகிறது. குளிர்ச்சியில் எந்தக் குறையும் இல்லை.

ஒரு பட்டறையில் காட்டியபோது, ஏர்கானின் கேஸ் (குளிரூட்டும் வாயு) குறைந்துவிட்டது என்று சொல்லி நிரப்பிக் கொடுத்தார்கள். வாடை அப்படியே இருக்கிறது. திரும்பப் போய்க் கேட்டால், டேஷ்போர்டைக் கழற்றிக் கூலிங் காயிலையே மாற்றியாக வேண்டும், பல நூறு வெள்ளி ஆகும் என்கிறார்கள். சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) முடிய இரண்டே ஆண்டுகள் இருக்கும் காருக்கு அவ்வளவு செலவு செய்வது தகுமா என்று தயக்கமாக இருக்கிறது. மகளுக்கு ஆஸ்துமா இருப்பதால் அப்படியே விட்டுவிடவும் மனம் வரவில்லை. வாசனைப் புட்டி மாட்டிப் பார்த்தேன். மல்லிகையும் பூஞ்சணமும் கலந்த புதிய வாடை ஒன்று கிடைத்ததுதான் மிச்சம். காயிலை மாற்றாமல் சரிசெய்ய வழி உண்டா?

ஸ்பானர்காரர்:

வணக்கம் நண்பரே. சின் மிங் பக்கம் கார் ஏர்கான் வேலையிலேயே பல காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கேஸுக்கும் இந்த வாடைக்கும் சம்பந்தமே கிடையாது. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வரும் கேஸ், பெட்ரோலைப் போல ஓட ஓடச் செலவாவதில்லை. கசிவு இருந்தால்தான் அது குறையும். குறைந்தால் குளிர்தான் குறையுமே தவிர ஈரத்துணி வாடை வராது. குளிர்ச்சியில் குறை இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியிருக்க அதை நிரப்பியது தேவையற்ற வேலை.

வாடை பிறப்பது டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில். மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்ட அந்தக் காயில், ஏர்கான் ஓடும்போது உறைநிலைக்குச் சில டிகிரிகளே மேலான குளிரில் இருக்கும். நம் ஊர்க் காற்றிலுள்ள ஈரமோ ஏறத்தாழ 24 டிகிரியிலேயே நீராகப் படியத் தொடங்கிவிடுவதால், இங்கே ஓடும் காரின் காயில் வருடம் முழுவதும் நனைந்தபடியே இருக்கிறது. படிந்த நீர் கீழ்த்தட்டில் சொட்டி, வடிகுழாய் வழியாகக் காருக்கு அடியில் ஒழுகிவிடும். தகடுகளுக்கு இடையில் தங்கும் ஈரத்தோடு தூசி சேர்ந்து, எஞ்சினை அணைத்த பிறகு அந்த இருட்டுப் பெட்டி மெல்லச் சூடேறும்போது பூஞ்சணமும் பாக்டீரியாவும் வளர்வதற்கு வேறென்ன வேண்டும்? சிவப்பு விளக்கில் வாடை திரும்புவதற்கும் காரணம் இதுவே. கேஸை அழுத்திச் சுற்றவைக்கும் கம்ப்ரசர் நின்றதும் காயிலின் குளிர் விலகி, அதில் ஒட்டியிருக்கும் ஈரம் ஆவியாகி உள்ளே வருகிறது.

காயிலை மாற்றும் பேச்சை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ஓட்டையாகிக் கேஸ் கசிந்தால்தான் அதை மாற்ற வேண்டும். முதலில் ஏர்கான் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலான ஜப்பானியக் கார்களில் அது இடப்பக்க கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும்; இருபுறமும் அழுத்தி அந்தப் பெட்டியைக் கீழே இறக்கினால் கைக்கு எட்டிவிடும், கருவி எதுவும் தேவைப்படாது. புதியதைப் போடும்போது அதன் விளிம்பில் அச்சிட்டிருக்கும் காற்றோட்ட அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதைப் பழையதைப் பார்த்தே குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, அல்லது 15,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது இங்குள்ள ஈரத்துக்கு நல்லது. கரி கலந்த ஃபில்டர் வெளியிலிருந்து வரும் புகை வாடையை ஓரளவு பிடிக்கும். ஆனால் பல கார்களில் ஃபில்டரைத் தாண்டித்தான் காயில் இருக்கிறது என்பதால், காயிலில் பிறக்கும் வாடையை எவ்வளவு விலையுயர்ந்த ஃபில்டராலும் தடுக்க முடியாது.

அதன் பிறகும் வாடை இருந்தால், காயிலுக்கென்றே விற்கும் நுரைக் கிளீனரைப் பயன்படுத்தலாம். டேஷ்போர்டின் முன்பக்கக் காற்றுத் திறப்புகளில் அதை அடிப்பவர்கள் பலர். அங்கிருந்து அடிக்கும் நுரை பெரும்பாலும் காயிலை எட்டுவதே இல்லை. ஃபில்டரைக் கழற்றிய துளை வழியாகவோ, கீழிருந்து வடிகுழாய் வழியாகவோ நீண்ட குழலைச் செலுத்தி அடிக்க வேண்டும். எஞ்சினும் புளோவரும் (காற்றை வீசும் விசிறி) அணைந்திருக்க வேண்டும், கதவுகள் திறந்திருக்க வேண்டும், புளோவர் மோட்டார்மீதும் அதன் மின் இணைப்புகள்மீதும் நுரை படக்கூடாது. புட்டியில் போட்டிருக்கும் நேரம்வரை விட்டால் நுரை கரைந்து, அழுக்கோடு அடியில் வடியும். முதலில் வடியும் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தால் வேலை சரியாக நடக்கிறது என்று பொருள். வீட்டில் இருக்கிறதே என்று குளோரின் பிளீச்சை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அது அலுமினியத்தை அரித்துவிடும். பிறகு அந்தப் பட்டறைக்காரர் சொன்னபடி காயிலை நிஜமாகவே மாற்ற வேண்டியதாகிவிடும்.

ஜூரோங் மேற்கு:

ஸ்பானர்காரர் ஐயா சொன்னதோடு ஒரு பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீடு நெருங்கும்போது, விரைவுச்சாலையை விட்டு இறங்கியதும் ஏசி பொத்தானை மட்டும் அணைத்துவிட்டு, விசிறியை வேகமாக வைத்து, வெளிக்காற்று உள்ளே வரும்படி மாற்றிவிடுங்கள். காயில் உலர்ந்த நிலையில் கார் நிற்கும். சில புதிய கார்களில் எஞ்சினை அணைத்த பிறகு விசிறி தானே ஓடிக் காயிலை உலர்த்தும் வசதி வந்துவிட்டது. நம்முடைய பழைய கார்களில் அதை நாமே செய்ய வேண்டியிருக்கிறது.

இதைக் கார் நிறுத்துமிடத்திற்கு வந்து சேர்ந்த பிறகு, எஞ்சினை ஓடவிட்டபடி செய்யாதீர்கள். நின்றிருக்கும் காரின் எஞ்சினைத் தேவையின்றி ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றம். தேசியச் சுற்றுப்புற வாரியம் அபராதம் விதிக்கலாம். வாடையைப் போக்கப் போய் அபராதச் சீட்டு வாங்கிக்கொண்டு வர வேண்டாம்.

வானிலைப்பிரியன்:

உலர்த்தும் யோசனை சரியானதே. ஆனால் இணையத்தில் சொல்லப்படும் அளவுக்கு அது எளிதில் பலன் தருவதில்லை. அதற்கான காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஏசியை அணைத்த அடுத்த நொடியில் காயில் இன்னும் சில்லென்றுதான் இருக்கும். அதன்மீது சிங்கப்பூரின் ஈரக்காற்றை வேகமாக வீசினால், காயில் ஏறக்குறைய 24 டிகிரியைத் தாண்டும்வரை ஈரம் குறைவதற்குப் பதிலாக மேலும் படிந்துகொண்டே இருக்கும். அதற்குப் பிறகுதான் உலரவே தொடங்குகிறது. எனவே வீட்டு அடுக்குமாடி புளோக்குக்குள் திரும்பும் வளைவில் அணைத்துவிட்டு ஒரு நிமிடம் விசிறியை ஓடவிடுவது, ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட மோசம் என்றே சொல்வேன். ஐந்து முதல் பத்து நிமிடங்கள் தேவை. நண்பகலில் வெளிக்காற்றின் ஈரப்பதம் 60, 70 விழுக்காட்டுக்கு இறங்கும்போது இந்த முறை நன்றாக வேலை செய்யும். வடகிழக்குப் பருவமழையின்போது, மழை பெய்து ஓய்ந்த இரவில் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல் நிற்கையில் காயில் லேசில் உலராது. அதோடு முன்கண்ணாடியில் ஆவி படிந்து சாலையே தெரியாமல் போகும். அப்படிப்பட்ட இரவுகளில் ஏசியைப் போட்டபடியே ஓட்டுங்கள், வாடையைவிடப் பார்வை முக்கியம்.

ஹீட்டரைப் போட்டால் உலர்ந்துவிடும் என்பது குளிர்நாட்டினர் கொடுக்கும் யோசனை. பொதுவாகக் காற்று முதலில் கூலிங் காயிலைக் கடந்து, அதன் பிறகே ஹீட்டரைத் தொடுகிறது; ஆகவே வெளிக்காற்றை எடுத்தபடி ஹீட்டரைப் போட்டால் சூடேறுவது நீங்கள்தான், காயில் அல்ல. உள்காற்றே சுழலும்படி வைத்து, சன்னல்களைச் சற்று இறக்கினால் சூடான காற்று திரும்ப வந்து காயிலைக் கடக்கும். நம் ஊரில் விற்ற சில கார்களில் ஹீட்டரே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

புகைமூட்டக் காலங்களில் உள்காற்றைச் சுழலவிடுவதுதான் சரி. மற்ற நாள்களிலும் அந்தப் பொத்தானைத் தொடவே தொடாமல் ஓட்டுபவர்கள் நம்மில் அதிகம். அவ்வப்போது வெளிக்காற்றையும் எடுங்கள், மூடிய காரில் நாள் முழுவதும் பலர் பயணம் செய்தால் உள்ளே தேங்கும் வாடையும் குறையும். ஓசோன் இயந்திரம் வைத்து வாடையை எடுத்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்பவர்கள் உண்டு. வாடை சில காலம் மறையக்கூடும். தகட்டில் இருக்கும் அழுக்கும் ஈரமும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஓசோன் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும் வாயு என்பதால், ஆஸ்துமா உள்ள பிள்ளை ஏறும் காருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

செங்காங்வாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. கிளவ் பாக்ஸை இறக்கி ஃபில்டரை உருவிப் பார்த்தேன். வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய மடிப்புகள் சாம்பல் பூத்துக் கறுத்திருந்தன; மடிப்புகளுக்குள் தூங்குமூஞ்சி மரத்தின் சிறு இலைகள் கொத்தாகச் சிக்கி, ஒரு மூலையில் ஈரத்தோடு மக்கியிருந்தன. முந்தைய உரிமையாளர் அதை எப்போதாவது மாற்றினாரா என்பதே சந்தேகம். புதியது போட்டதும் வாடை பாதியாகக் குறைந்திருக்கிறது.

ஆனால் அந்த வேலையைச் செய்யும்போது இடப்பக்க முன்னிருக்கையின் கீழே கால் வைக்கும் விரிப்பில் ஊன்றியதில் முழங்கால் நனைந்துவிட்டது. மேலே உலர்ந்ததுபோல் தெரிகிறது, அழுத்தினால் தண்ணீர் வருகிறது. மழைநீர் உள்ளே இறங்குகிறதா, அல்லது இதுவும் ஏர்கானின் வேலையா?

ஸ்பானர்காரர்:

ஏர்கானாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உறுதி செய்துகொள்வதும் எளிது. மழையில்லாத ஒரு நாளில் அரைமணி நேரம் ஏர்கான் போட்டு ஓட்டிவிட்டு வந்து, எஞ்சினை அணைத்துவிட்டுக் காருக்கு அடியில் பாருங்கள். நம் ஊர்க் காற்றில் அரைமணி ஓடினால் அடியில் சிறு குட்டையே தேங்க வேண்டும். ஒரு சொட்டும் விழவில்லை என்றால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. வெளியேற வழியில்லாத நீர் உள்பக்கமாக வழிந்து விரிப்பின் அடியில் சேர்கிறது. வெளியே நன்றாகச் சொட்டியும் விரிப்பு நனைந்தால், முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் இலைகள் அடைத்து மழைநீர் காற்று நுழையும் துளை வழியாக இறங்குகிறதா என்று பாருங்கள். ஃபில்டரில் அத்தனை இலைகள் இருந்தன என்கிறீர்களே, எப்படியும் அந்தப் பள்ளத்தைக் கையால் வாரிச் சுத்தம் செய்துவிடுவது நல்லது.

நனைந்த தண்ணீரைத் தொட்டுப் பார்த்தால் பிசுபிசுவென்று, இனிப்பு வாடையோடு இருந்தால் அது தண்ணீரே அல்ல. ஹீட்டரிலிருந்து கசியும் கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். அது நச்சுப் பொருள். பிள்ளையை ஏற்றாமல் நேரே பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

வடிகுழாயின் அடைப்பை எடுப்பது சிறிய வேலை. அடியிலிருந்து மென்மையான பிளாஸ்டிக் குழலை நுழைத்தோ, குறைந்த அழுத்தத்தில் காற்றை ஊதியோ எடுத்துவிடலாம். கூரான கம்பியை விடாதீர்கள், மேலே இருப்பது காயில். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் நுழையவும் வேண்டாம். லிஃப்டில் ஏற்றித்தான் பார்க்க வேண்டும் என்பதால் இந்த ஒரு வேலைக்குப் பட்டறைக்குப் போவதே சரி. போகும்போது, காயிலை மாற்ற அல்ல, வடிகுழாயின் அடைப்பை எடுத்துக் காயிலை நுரை போட்டுக் கழுவ மட்டும் என்று முதலிலேயே சொல்லி, கூலியையும் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

விரிப்பை மேலிருந்து துடைத்துவிட்டு விட்டுவிட வேண்டாம். அதன் அடியில் தடித்த பஞ்சு மெத்தை ஒன்று இருக்கிறது. தண்ணீரைக் குடித்து வைத்திருப்பது அதுதான், கதவை மூடி வைத்தால் வாரக்கணக்கில் காயாது. கதவோரப் பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றி விரிப்பின் விளிம்பைத் தூக்கி, தண்ணீரை உறிஞ்சும் வேக்குவம் கொண்டு இழுத்துவிட்டு, அடியில் ஒரு கட்டையைச் செருகி மேசை விசிறியை நேராக அதன்மீது ஓடவிடுங்கள். இருக்கைக்கு அடியில் மின் இணைப்புகள் போகின்றன, அவற்றில் பச்சை பூத்திருந்தால் பட்டறையில் சொல்லிவிடுங்கள். மெத்தை ஏற்கெனவே நாறத் தொடங்கியிருந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதியது போடச் சொல்லுங்கள்.