பிரிக்காத கிற்றார்க் கம்பிக்கும் கறள் பிடிக்குமா?

மூன்றாம்மாடி:
வணக்கம். வெள்ளவத்தையில், மரைன் டிரைவைப் பார்த்த பிளாட்டில் இருக்கிறோம். யன்னலைத் திறந்தால் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். யன்னல் கொளுக்கியிலிருந்து மின்விசிறி வரை கறள் பிடிப்பது எங்களுக்குப் பழகிப்போன விசயம். ஆனால் பக்கெற்றுக்குள் இருந்த கிற்றார்க் கம்பிக்குமா?

2022 டொலர் தட்டுப்பாட்டில் கம்பி தேடி அலைந்த பயம் இன்னும் போகவில்லை. அதனால் போன வருடம் கனடாவிலிருந்து வந்த சித்தியிடம் சொல்லி ஆறு செற் எடுப்பித்தேன். எல்லாம் 12-53 (மெல்லிய கம்பி முதல் தடித்த கம்பி வரையான தடிப்பு, அங்குலத்தில் ஆயிரத்தில் பங்காக), பொஸ்பர் புரோன்ஸ் என்ற வெண்கல வகை. யன்னலுக்குக் கீழே உள்ள லாச்சியில் வைத்திருந்தேன். நேற்று ஒன்றைப் பிரித்தால், முதல் இரண்டு கம்பியிலும் மிளகாய்த்தூள் தூவியது போலச் செம்புள்ளிகள். விரலால் இழுத்தால் சொரசொரக்கிறது. மற்ற நான்கும் சற்று மங்கல், அவ்வளவுதான். அரிசிக்குள் போட்டு வை என்கிறார் அம்மா. ஃபிரிட்ஜில் வை என்கிறான் தம்பி. யார் சொல்வது சரி?

ஆறாம்கம்பி:
இரண்டும் வேண்டாம் தங்கச்சி. அரிசிக்குள்ளேயே நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்கு ஈரம் இருக்கிறது. கம்பி காய்கிறதோ இல்லையோ, வண்டு வரும். ஃபிரிட்ஜில் வைத்தால் வெளியே எடுக்கும்போது குளிர்ந்த சோடாப் போத்தல் போல வியர்க்கும். உறையில் சின்ன ஓட்டை இருந்தால் அந்தத் தண்ணீர் கம்பியில்தான்.

முதல் இரண்டு மட்டும் ஏன் என்றால், அவை சுற்று இல்லாத வெறும் உருக்குக் கம்பி. மேலே மெல்லிய ஈயப்பூச்சுத்தான், அதாவது வெள்ளீயம். பூச்சு எங்கே கீறுகிறதோ அங்கே இரும்பு வெளியே தெரியும். மற்ற நான்கும் வெண்கலம் சுற்றியவை, அதனால் கறுக்கும், மங்கும். உள்ளே இருப்பது உருக்குத்தான், ஆனால் அது தெரியாது. நைலோன் கிற்றார்க்காரருக்கு இந்தக் கவலையில் பாதி இல்லை, கொடுத்து வைத்தவர்கள்.

காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே உருக்கு வேகமாகத் துருப்பிடிக்கும். நம் கொழும்பு எப்போது அதற்குக் கீழே இறங்கியது? கடல் உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மே மாதம் தொடங்கித் தென்மேல் காற்று நேரே உங்கள் யன்னலுக்குள்தான் அடிக்கும். முதலில் லாச்சியை மாற்றுங்கள். உள் அறை அலுமாரி போதும்.

கொட்டாஞ்சேனை பாஸ்:
காற்றை மட்டும் குறை சொல்ல முடியாது. நானும் கடலுக்குக் கிட்டத்தான் இருக்கிறேன். உள் உறை ஒழுங்காக அடைத்திருந்தால் வருடக்கணக்கில் ஒன்றும் ஆகாது. டடாரியோ கொம்பனிச் செற்றில் ஆறு கம்பியும் ஒரே அடைத்த உறைக்குள் வரும், எது எந்தக் கம்பி என்பதைக் கம்பி நுனியில் உள்ள குண்டின் நிறம் சொல்லும். கம்பிக்கு ஒன்றாகக் கடதாசி உறையில் மட்டும் வரும் செற்றுகளும் உண்டு, அவைதான் இங்கே ஆபத்து. உங்களுடையது எது? பிரிக்கும்முன் உறை உப்பலாக இருந்ததா, தட்டையாக ஒட்டிக் கிடந்ததா? ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கள்.

மூன்றாம்மாடி:
அண்ணா, சொல்ல வெட்கமாக இருக்கிறது. அடைத்த உறைதான். ஆனால் எந்தச் செற்றை எப்போது வாங்கினேன் என்று தெரிய, ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய துண்டை ஸ்டேப்ளரால் அடித்து வைத்தேன். இப்போது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நேற்றுப் பிரித்ததிலும் இன்னொன்றிலும் ஸ்டேப்ளர் பின் உள் உறையையும் துளைத்திருக்கிறது. மற்ற நான்கிலும் மேல் மட்டையோடு நின்றுவிட்டது. ஆறு பின்னும் கறள்.

ஆறாம்கம்பி:
ஒழுங்காக இருக்கப் போய் வந்த வினை! சரி, நான்கு செற் தப்பியதே.

கொட்டாஞ்சேனை பாஸ்:
துளைத்த மற்றதை இன்றே கிற்றாரில் பூட்டிவிடுங்கள், இனி வைத்திருந்து பயனில்லை. நேற்றுப் பிரித்ததில் செம்புள்ளி உள்ள இரண்டையும் எறியுங்கள். துடைத்துப் பூட்டினால் பிரெட்டை, அதாவது கிற்றார்க் கழுத்தில் உள்ள உலோகக் கட்டைகளை, அராவும். கடையில் 12, 16 தடிப்பில் தனிக் கம்பியாகக் கேட்டு வாங்கினால் மிச்ச நான்கோடு ஒரு செற் தேறும். எண்ணெய் பூசி வைக்கும் யோசனை வேண்டாம், தேங்காய் எண்ணெய் சிக்குப் பிடிக்கும்.

தப்பிய நான்கு செற்றையும் சிப் உள்ள தடித்த பையில் போட்டு, இறுக்கமான மூடியுள்ள பால்மா ரின்னுக்குள் வையுங்கள். கூடவே சிலிக்கா ஜெல். சப்பாத்துப் பெட்டியில் வந்த பழைய பொட்டலம் உதவாது, திறந்த அன்றே ஈரத்தைக் குடித்து முடித்திருக்கும். நிறம் மாறும் மணியாக வாங்குங்கள். செம்மஞ்சள் பச்சையானால் ஒவனில் 120 பாகையில் இரண்டு மணி நேரம் காய வைத்துத் திரும்பப் பாவிக்கலாம். பிளாஸ்டிக் பொட்டலத்தோடு வைத்துவிடாதீர்கள், உருகும்.

அடுத்த முறை ஆறு செற் வேண்டாம், இரண்டு போதும். அறுந்து போவது எப்படியும் முதல் கம்பிதான், அதைத் தனியாக நான்கு எடுப்பியுங்கள்.

மூன்றாம்மாடி:
செய்துவிட்டேன். தேதி இப்போது மாஸ்கிங் ரேப்பில், ரின்னுக்கு வெளியே. அம்மா அளந்து வைத்த அரிசியைத் திரும்பப் பானையில் கொட்டிவிட்டு, ஸ்டேப்ளரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.