மறு: ‘அன்ஸ்பிரங் மாஸ்’: வில்லற்ற நிறையா, வில்லின்கீழ் நிறையா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

காரின் எடைக் குறைப்பு பற்றிய கட்டுரைக்காக, ‘அன்ஸ்பிரங் மாஸ்’ (unsprung mass) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாகப் புதுச்சேரி நண்பர் முன்வைத்த ‘வில்லற்ற நிறை’ என்னும் சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. வில் என்பது இங்கே வண்டியின் அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங். ‘அன்’ என்னும் முன்னொட்டைக் கண்டதும் ‘அற்ற’ என்று எழுதிவிடுவது நமக்குப் பழகிய வழி. இங்கே அது பொருளையே மாற்றிவிடுகிறது. வில்லற்றது என்றால் கட்டை வண்டிதான் நினைவுக்கு வரும். நாம் பெயரிட விரும்புவதோ, வில் பூட்டிய வண்டியிலேயே, அந்த வில்லின் மேல் அமராமல் சாலையின் மேடு பள்ளத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் சக்கரம், டயர், பிரேக் டிஸ்க், சக்கரக் குடம் ஆகியவற்றின் நிறையை. ஆகவே சொல் இடத்தைச் சுட்ட வேண்டும், இன்மையை அன்று.

இந்த இடவேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. அரியாங்குப்பம் வழியாகக் கடலூர் வரும்போது சாலையில் ஒட்டுப்போட்ட மேடு ஒன்றின் மேல் சக்கரம் ஏறுகிறது என்று கொள்வோம். மேலெழும்பிய சக்கரத்தை மீண்டும் சாலையில் அழுத்துவது வில்லின் விசை. அதே விசை கனமான சக்கரத்தை மெதுவாகவும் இலகுவான சக்கரத்தை விரைவாகவும் திருப்பி அனுப்பும். அந்த இடைவெளியில் டயரின் மேல் விழும் பாரம் கூடியும் குறைந்தும் ஊசலாடுகிறது. பாரம் இரு மடங்கானால் டயரின் பிடிப்பு இரு மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே கூடுவதால், ஊசலாட்டத்தில் இழந்த பிடிப்பு முழுவதும் திரும்பக் கிடைப்பதில்லை. வளைவில் வண்டி ஸ்டியரிங்கின் சொல் கேளாமல் வெளியே விலகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றையும் கட்டுரை சொல்லியாக வேண்டும். 1,000 கிலோ காரில் சக்கரத்துக்கு 35 கிலோ வீதம் 140 கிலோ வில்லுக்குக் கீழே இருப்பதாகக் கணக்கிடுங்கள். இருக்கை, கண்ணாடி, கதவு என்று உடலில் மட்டும் 100 கிலோவைக் கழித்தால், வளைவில் டயர்கள் சுமக்க வேண்டிய பக்கவிசை குறையும். ஆனால் மேலுள்ள 860 கிலோ 760 ஆகிவிட, கீழுள்ள 140 கிலோவின் உதறல் உடலுக்கு முன்னைவிட வலுவாக எட்டும். வெற்று லாரி குதிப்பதைப் பின்னால் நின்று பயணம் செய்தவர்கள் அறிவார்கள். ‘எடை குறைந்தால் ஓட்டம் சீராகும்’ என்ற ஒற்றை வரி இதனால்தான் போதாது. இரண்டு நிறைகளுக்கும் இரண்டு பெயர்கள் வேண்டும். சக்கரத்துக்குள்ளேயே மோட்டாரை வைத்த மின் ஸ்கூட்டர்கள் வந்துவிட்ட பிறகு, மோட்டாரின் நிறையும் வில்லுக்குக் கீழே சேர்வதால், தேவை இன்னும் கூடியிருக்கிறது.

‘வில்’ என்ற முற்பகுதியில் எனக்கு ஐயமே இல்லை. பட்டை வில் பூட்டிய மாட்டு வண்டியை நம் ஊரார் ‘வில்வண்டி’ என்றே அழைத்தார்கள். எந்தக் கலைச்சொல் குழுவும் அதை ஆக்கித் தரவில்லை. ‘வில்லடி நிறை’ என்பது சுருக்கமாக இருந்தாலும், வில்லடி என்றால் வில்லுப்பாட்டு என்று நெல்லை அன்பர் எழுதிய மறுப்பு நியாயமானது. ‘வில்கீழ்’ என்று நேரே சேர்த்தால், விற்கொடி போல ‘விற்கீழ்’ ஆகி ஏதோ விற்பனைக்கு வந்ததுபோல் ஒலிக்கிறது. ‘வில்மேல்’ இன்னும் மோசம், ‘வின்மேல்’ ஆகி, ‘விண்மேல்’ போல ஒலித்து வானத்துக்கே போய்விடும். இன் சாரியை சேர்த்தால் இந்தத் தொல்லை இல்லை. எனவே ‘வில்லின்கீழ் நிறை’, ‘வில்லின்மேல் நிறை’ என்று முதலில் முழுமையாக எழுதி, பின்னர் கீழ்நிறை, மேல்நிறை என்று சுருக்கிக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்து அன்பர்கள் எடையையே நிறை என்பதால், அவர்கள் நிறைக்குப் பதிலாகத் திணிவு என்று எழுதுவதில் தடையில்லை.

ஒரு முனை உடலிலும் மறுமுனை சக்கரத்திலும் பொருந்திய வில்லும் தாங்குகைகளும் (சக்கரத்தை உடலோடு இணைக்கும் கைகள்) எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு, ஏறத்தாழப் பாதி கீழ்நிறையில் சேரும் என்ற பொறியியல் வழக்கத்தையே வரையறையில் ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம் என்பது என் கருத்து.

அன்புடன்,
மஞ்சக்குப்பம், கடலூர்