செத்தவன் கேட்ட டோஸ்ட்: 'ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' ஏன் இன்னும் பிடித்து உலுக்குகிறது?

கருந்திரை:
1981இல் ஜான் லாண்டிஸ் எழுதி இயக்கிய படம். கதைச்சுருக்கம் வேண்டாம். எந்த இடம் வேலை செய்கிறது, எப்படிச் செய்கிறது என்று பகிருங்கள். என் பங்குக்கு ஆஸ்பத்திரிக் காட்சி.

பௌர்ணமியில் ஓநாயாக மாறும் மனிதனிடம் கடிபட்டுப் பிழைத்த டேவிட் கட்டிலில் இருக்கிறான், காலைச் சாப்பாட்டுத் தட்டு முன்னால். கடிபட்டதால் இனி அவனும் அப்படி மாறுவான். அதே ஓநாய் கடித்துச் செத்துப்போன நண்பன் ஜாக் வந்து நிற்கிறான். முகமும் கழுத்தும் பிய்ந்து கிடக்கின்றன. வந்தவன் முதலில் கேட்பது தட்டிலிருக்கும் டோஸ்ட்! அவன் பேசப் பேசத் தொண்டைப் பக்கம் ஒரு தோல் துணுக்கு ஆடிக்கொண்டே இருக்கிறது. நம் கண் அதை விட்டு நகராது. அவனோ தன் சாவுக்கு அழுத பெண் இன்னொருவனிடம் ஆறுதல் தேடிப் போனதைச் சொல்லிக் குறைப்படுகிறான். அடுத்த மூச்சில், பௌர்ணமிக்குள் நீ உயிரை விட்டுவிடு, இல்லாவிட்டால் நீயும் கொல்லுவாய், நானும் இப்படியே அலைய வேண்டியதுதான் என்கிறான்.

ஜாக்காக நடித்த கிரிஃபின் டன் இதில் ஒரு வரியைக்கூட நகைச்சுவையாகச் சொல்லவில்லை. பழைய சிநேகிதன் பேசுகிற அதே குரல். படத்தின் ஈர்ப்பு முழுக்க இதில்தான் இருக்கிறது என்பேன்: இது நகைச்சுவைப் படம் என்பது அதில் வரும் யாருக்கும் தெரியாது.

ரப்பர்தோல்:
உருமாற்றக் காட்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. ரிக் பேக்கரின் வேலை. ஆஸ்கரில் ஒப்பனைக்கு ஆண்டுதோறும் விருது என்று ஆரம்பித்தபோது 1982இல் அதை முதலில் வாங்கியவர் அவர்தான்.

பழைய ஓநாய் மனிதன் படங்களில் ஆள் அசையாமல் உட்கார்ந்திருப்பார், முகத்தில் முடி கரைந்து கரைந்து வந்து சேரும். இங்கே விளக்கு எரிகிற வீட்டு ஹாலில், மறைக்க நிழலே இல்லாமல், எலும்பு நீளுகிற வலியோடு நடக்கிறது. கை நீளும் ஷாட்டில் இருப்பது பொம்மைக் கை. மூக்கும் வாயும் முன்னால் தள்ளிக்கொண்டு வருவது நடிகர் டேவிட் நாட்டனின் முக அச்சில் செய்த பொம்மைத் தலை. மல்லாந்து கிடக்கும் ஷாட்டில் நாட்டனின் தலையும் கையும் மட்டும்தான் நிஜம். உடம்பைத் தரைக்கு அடியில் இறக்கிவிட்டு, மேலே ஓநாய் உடம்பைப் பொருத்தியிருந்தார்கள். முழு ஓநாயாக ஓடும்போது உள்ளே ஒருவர் பலகையில் குப்புறப் படுத்துக் கைகளை முன்னங்கால்களாக ஊன்றுவார், பின்னாலிருந்து தள்ளுவண்டி மாதிரித் தள்ளுவார்கள். அதனால்தான் மனிதன் குனிந்து நடப்பது போலத் தெரிவதில்லை.

இந்த அலறலுக்கு நடுவே, காட்சி சட்டென்று வெட்டி, அறையிலிருக்கும் மிக்கி மவுஸ் பொம்மையைக் காட்டுகிறது. ஒரு நொடிதான். ரொம்பத் தைரியமான வெட்டு.

ஒலிமேசை:
அந்தக் காட்சிக்கு ஓடும் பாட்டு சாம் குக் பாடிய 'ப்ளூ மூன்'. தாலாட்டு மாதிரி மென்மையான குரல். பயமுறுத்தும் பின்னணி இசை போட்டிருந்தால், எப்போது பயப்பட வேண்டும் என்று அது சொல்லிக்கொடுத்திருக்கும். இந்தப் பாட்டு டேவிடைக் கண்டுகொள்ளவே இல்லை, அதனால் அவன் தனியாகிவிடுகிறான். தொடக்கத்தில் பொட்டல் மேட்டின் மேல் பாபி வின்டன் பாடுவதும், கடைசியில் மார்செல்ஸ் குழு பாடுவதும் இதே பாட்டுதான். படத்தில் வரும் பழைய பாட்டுகள் எல்லாவற்றின் தலைப்பிலும் நிலா இருக்கிறது.

திரையிடுவோருக்கு ஒன்று. பிளேயரில் இரவு ஒலி, ஒலிச் சமன் மாதிரி அமைப்புகள் இருந்தால் அணைத்துவிடுங்கள். அவை பாட்டையும் எலும்பு முறியும் சத்தத்தையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும். வசன எழுத்து அரை நொடி முந்தினாலும் ஜாக்கின் வரிகள் செத்துவிடும்.

குறும்படம்_எடுப்பவன்:
ரப்பர்தோல் அண்ணே, தோலிலிருந்து முடி முளைக்கிற ஷாட் எப்படி? சின்ன பட்ஜெட்டில் முடியுமா?

ரப்பர்தோல்:
முடியும் தம்பி. முளைக்கவைக்க வேண்டாம், உள்ளே இழுத்துப் படமெடுத்துத் திருப்பி ஓட்டு. படத்திலும் அதுதான் தந்திரம். 15 செ.மீ. சதுரத்தில் சிலிகான் தோல், 3 மி.மீ. தடிமன் போதும். ஊசியால் துளையிட்டு முடியைக் கோத்து, அடியில் மூன்று நான்கு கொத்தாகக் கட்டு. ஒவ்வொரு கொத்தையும் வெவ்வேறு வேகத்தில் இழுக்க வேண்டும். எல்லாம் ஒரே வேகத்தில் போனால் பிரஷ் மாதிரி தெரியும். துளை இறுக்கமாக இருந்தால் முடியோடு தோலும் குழிந்து மாட்டிவிடும், கொஞ்சம் டால்கம் பவுடர் தடவு. வழிகிற வியர்வை, புகை எதுவும் ஃபிரேமில் கூடாது, திருப்பி ஓட்டினால் காட்டிக்கொடுக்கும். 3 நொடிக்கு மேல் வைக்காதே.

ரத்தத்துக்கு: திரவ குளுக்கோஸ் 1 கப், தண்ணீர் 2 மேசைக்கரண்டி, சிவப்பு உணவு நிறம் 2 டீஸ்பூன், நீலம் 1 சொட்டு. கோகோ 1 டீஸ்பூன், வெந்நீரில் தனியாகக் கரைத்துச் சேர், நேராகப் போட்டால் கட்டி தட்டும். கோகோ இல்லாவிட்டால் சிவப்புக் கண்ணாடி போலத் தெரியும். காய்ந்தால் பிசுபிசுக்கும், எறும்பு வரும், சட்டைக் கறை போகாது. ஒரே மாதிரி இரண்டு சட்டை வைத்துக்கொள்.

காயத்துக்கு வயதும் உண்டு. ஜாக் முதல்முறை வரும்போது புது ரத்தம், அடுத்தமுறை அழுகல் நிறம், கடைசியில் தியேட்டரில் உட்கார்ந்திருப்பது ஏறக்குறைய எலும்புக்கூடு, அது பொம்மை. பேச்சு மட்டும் மாறவே இல்லை.

கருந்திரை:
அந்தத் தியேட்டர் காட்சி! பிக்கடிலி சர்க்கஸில், ஆபாசப் படம் ஓடும் இருட்டில், டேவிட் கொன்றவர்கள் வரிசையாக உட்கார்ந்து எப்படித் தற்கொலை செய்துகொள்ளலாம் என்று அவனுக்கு மரியாதையாக யோசனை சொல்கிறார்கள்.

டோட்டன்ஹாம் கோர்ட் ரோடு சுரங்க ரயில் நிலையத்தையும் விடக்கூடாது. ஆளில்லாத வழி, வெளிச்சமான ஓடுகள், ஓடுகிற ஒருவர். அவர் எஸ்கலேட்டரில் விழுந்து கிடக்க, மேலிருந்து கேமரா பார்க்கிறது. அடியில், தூரத்தில், ஓநாய் மெதுவாக ஃபிரேமுக்குள் வருகிறது. அவ்வளவுதான் காட்டுகிறார்கள். இங்கே ஒரு சிரிப்பும் இல்லை, வைக்காததும் சரி.

ஒலிமேசை:
சந்தில் டேவிட் சுடப்பட்டுக் கிடக்கிறான், அவனைக் காதலிக்கும் நர்ஸ் அலெக்ஸ் அழுகிறாள். ஆறுதலுக்கு இடமே தராமல் வெட்டு, மார்செல்ஸின் துள்ளல் குரல். கூடத்தில் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் உறைந்திருப்பார்கள். உடனே விளக்கைப் போட்டுவிடாதீர்கள். கடைசிப் பெயர்ப்பட்டியல் முழுதும் ஓடட்டும், அந்த ஆண்டு நடந்த சார்ல்ஸ், டயானா திருமணத்துக்கு ஒரு வாழ்த்துகூட அதில் வருகிறது.