கதவுத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கர்

குழு: நம்ம வீடு (தூத்துக்குடி – ஹூஸ்டன்)

நான்: அத்தான், பயணத்தில் தங்குகிற வீட்டு ட்ரெய்லர் வந்துவிட்டது. ஜூனில் கொலராடோ போவதற்குள் இழுக்க ஒரு டிரக் வாங்க வேண்டும். பழைய வண்டிதான். மூன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

அத்தான்: ட்ரெய்லர் எடை என்ன தம்பி? காலி எடை வேண்டாம். தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு சொல்.

நான்: 9,000 பவுண்டு வரும்.

அக்கா: அப்படியென்றால் அரை டன் வண்டி, அதான் சின்ன ரக டிரக், அந்தப் பக்கமே போகாதே. நாங்கள் பட்டது போதும். அமரில்லோ தாண்டி எதிர்க்காற்றில் ட்ரெய்லர் வால் ஆட்ட ஆரம்பித்ததும், பாப்பா பின்சீட்டிலிருந்து "அம்மா, வீடு ஆடுது"ன்னு அழுதாள். அந்தக் குரல் இன்னும் காதிலேயே இருக்கிறது.

நான்: அரை டன் இல்லை அக்கா. முதல் வண்டி 2018 ஃபோர்டு எஃப்-250, டீசல், தோல் இருக்கை. எவ்வளவு கனமானாலும் இழுக்கும் என்கிறார் விற்பவர்.

அத்தான்: இழுக்கும். ஆனால் அது எவ்வளவு சுமக்கும் என்று பார். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் பட்டை போட்ட ஸ்டிக்கர் இருக்கும். படம் எடுத்து அனுப்பு.

நான்: 📷 ஆட்களும் சாமானும் சேர்ந்து 2,060 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று போட்டிருக்கிறது.

அத்தான்: சரி, கூட்டிப் பார். ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம், அதை வண்டியோடு மாட்டுகிற ஹிட்ச் மேல் உட்காரும். 13 வைத்துக்கொள், 1,170. ஹிட்ச் 100. நீங்கள் நான்கு பேர் 560. ஜெனரேட்டர், சைக்கிள், ஐஸ் பெட்டி, விறகு 300. மொத்தம் 2,130. கிளம்பும் முன்னாலேயே 70 பவுண்டு அதிகம்.

நான்: அவ்வளவு பெரிய வண்டிக்கா!

அத்தான்: டீசல் இன்ஜின் பெட்ரோல் இன்ஜினைவிடப் பல நூறு பவுண்டு கனம். வண்டியின் மொத்த எடைக்கு உச்சவரம்பு 10,000 பவுண்டு. இன்ஜின் எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் உனக்கு. அப்புறம், தினமும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிற சின்ன ஓட்டம் டீசலின் புகை வடிகட்டிக்கு ஆகாது. வருஷத்துக்கு நான்கு பயணம் போகிற உனக்குப் பெட்ரோல்தான் சரி.

நான்: மற்ற இரண்டும் பெட்ரோல்தான். இரண்டுமே எஃப்-250, 7.3 லிட்டர். ஒன்று 2020, 71,000 மைல், ஸ்டிக்கரில் 3,040. இன்னொன்று 2021, 58,000 மைல், மிட்லண்டிலிருந்து வந்தது. விலையும் குறைவு.

அத்தான்: நல்ல இன்ஜின். இரும்பு பிளாக், காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ கிடையாது, 430 குதிரைத்திறன். செவர்லேயின் 6.6 லிட்டர் இன்ஜினும் நல்லதுதான், அது 401. ஆனால் மிட்லண்ட் என்றால் எண்ணெய் வயல் ஊர். மைலை விடு, இன்ஜின் ஓடிய மணிக்கணக்கு பார்த்தாயா? மீட்டர் திரையிலேயே வரும்.

நான்: 📷 மொத்தம் 4,600 மணி. நின்றபடியே ஓடியது 2,900.

அத்தான்: ஏசி போட்டு நாள் முழுக்க நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அது வேண்டாம் தம்பி. 2020-ல் என்ன காட்டுகிறது?

நான்: மொத்தம் 2,350. நின்றது 410.

அக்கா: இதைப் பாருடா முதலில்.

அத்தான்: ஒன்று மனதில் வைத்துக்கொள். டர்போ இல்லாத இன்ஜினுக்கு 1,000 அடி ஏறினால் சுமார் 3 சதவீத சக்தி போகும். கொலராடோ எல்லையில் இருக்கிற ரேட்டன் கணவாய் 7,834 அடி. கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடும். சத்தம் போட்டுக்கொண்டு மெதுவாகத்தான் ஏறும். பயப்படாமல் வலது ஓரம் பிடித்துப் போ.

அப்பா: ஏறுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். இறக்கத்தில் எது பிடிக்கும்? துறைமுகத்திலிருந்து லோடு ஏற்றி ஆரியங்காவு வழியாகக் கொல்லம் போன காலத்தில், எந்த கியரில் ஏறுகிறோமோ அந்த கியரிலேயே இறங்கு என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்கிய வண்டியின் டிரம் புகைந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அத்தான்: நூற்றுக்கு நூறு மாமா. டீசலில் புகையைத் தடுத்து வேகத்தைக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கும், இதில் கிடையாது. சுமை இழுக்கும்போது போடுகிற டோ-ஹால் பட்டனை அழுத்தினால் வண்டியே கியரைக் குறைத்துப் பிடிக்கும். ட்ரெய்லருக்குத் தனி பிரேக் உண்டு, அதன் கண்ட்ரோலர் டாஷ்போர்டில் இருக்கிறதா என்று பார்த்தே வாங்குவோம்.

அப்பா: டயரையும் பாருங்கள். மேல் வரிப்பள்ளம் தேயாமல் நன்றாக இருந்தாலும் ரப்பர் பழசாக இருக்கும்.

அத்தான்: ஆமாம் மாமா, பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், டயர் தயாரித்த வாரமும் வருஷமும். சனிக்கிழமை நானே வருகிறேன். கீழே படுத்து ஹிட்ச் தேய்மானம், ஆயில் கசிவு எல்லாம் பார்த்துவிடலாம். தம்பி, நாம் வருவதற்கு முன்னால் இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவருக்குச் சொல்லிவிடு. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும் சத்தத்தைக் காதால் கேட்க வேண்டும்.

நான்: இப்போதே சொல்லிவிட்டேன். காலை 8 மணி.

அக்கா: இட்லி கட்டித் தருகிறேன், வழியில் சாப்பிடுங்கள்.