மறு: மறு: நொதியைக் கட்டிப்போட ஒரு சொல் (அவசரம், வெள்ளிக்குள்)

அன்புள்ள குழுவினருக்கு,

நான் கேட்டது 'immobilized enzyme' (ஒரு பொருளின்மேல் நிலைநிறுத்திய நொதி) என்பதற்குத் தமிழில் ஒரே ஒரு சொல். வந்தவை இருபத்து மூன்று மடல்கள். அவற்றில் ஒன்பது, கம்பன் வீட்டுக் கட்டுத்தறி மாடு கட்டும் முளையா, துணி நெய்யும் தறியா என்பதைப் பற்றி! (நான் முளைக் கட்சி. சரி, அது கிடக்கட்டும்.)

புதிதாக வந்தவர்களுக்கு: பெங்களூரு ஹெப்பாளில் ஒரு தீவனக் கம்பெனிக்குத் துண்டறிக்கை மொழிபெயர்க்கிறேன். படிக்கப்போகிறவர்கள் நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்கள். சரக்கு ஃபைட்டேஸ், அதாவது தானியத்தில் பூட்டிக்கிடக்கும் பாஸ்பரஸை அவிழ்த்துவிடும் நொதி. அதை பென்டோனைட் போன்ற களிமண் கனிமத்தின்மேல் ஒட்டவைக்கிறார்கள். தீவனத்தைப் பெல்லட்டாக (சிறு உருளைக் கட்டிகளாக) அழுத்தும்போது நீராவிச் சூடு 80 டிகிரியைத் தாண்டும். வெறும் நொதி வெந்துபோகும். பிடிமானம் இருந்தால் பல சமயம் கூடுதலாகத் தாங்கும். பாலுக்கு வேறு கணக்கு. பால் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதி ஒட்டிய மணிகளைக் குழாயில் நிரப்பிப் பாலை ஓடவிட்டால் பால் வெளியே போகும், நொதி உள்ளேயே இருக்கும். நாளைக்கும் அதே நொதிதான்.

பக்கத்து மேசைக் கன்னட நண்பர் நொதிக்கு 'கிண்வ' என்று போட்டுவிட்டு, மற்றதை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். நான்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

'முடக்கிய நொதி' எனக்கு வேண்டவே வேண்டாம். பேங்க் கணக்கை முடக்கினால் பணம் எடுக்க முடியாது. கை முடங்கினால் வேலை செய்யாது. பண்ணைக்காரர் "செத்த சரக்கா?" என்பார். இங்கே காலைத்தான் கட்டுகிறோம், வாயை அல்ல. 1916இல் நெல்சன், கிரிஃபின் என்ற வேதியியலாளர்கள், கரியில் ஒட்டிய இன்வர்டேஸ் நொதி அப்போதும் சர்க்கரையை உடைத்துக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். விஷயமே அதுதான்.

மல்லேஸ்வரம் ஐயாவின் 'அசையா நொதி' பத்திர ஆபீஸ் வாசனையோடு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூட்டையில் ஏறி ஓசூர் வழியாக நாமக்கல் போகிறதே, எப்படி ஐயா அசையாதது? அப்புறம் 'அசை'யிலிருந்து அசைபோடுதலுக்குத் தாவினீர்கள். அசைபோடும் மாட்டுக்கு இந்த நொதி பெரிதாகத் தேவையில்லை. அதன் வயிற்று நுண்ணுயிர்களே அந்த வேலையைச் செய்துவிடும்.

> தளைத்த நொதி. எழுத்து, அசை, சீர், தளை என்று யாப்பிலேயே இருக்கிறது.

அலசூர் அக்கா, அழகான சொல். ஏழு தளையையும் விளக்கியதற்கு நன்றி. ஆனால் டைப் அடித்த பையன் 'தழைத்த நொதி' என்று அடித்துவிட்டான். தீவன விளம்பரத்துக்கு அதுவே பொருத்தம், ஆனால் பொய்.

'பிணைத்த' என்றால் வேதிப்பிணைப்பு நினைவுக்கு வரும். இது சும்மா மேலே ஒட்டிக்கொள்வது. ஆகவே 'பதித்த நொதி' என்று போடுகிறேன். மூக்குத்தியில் பதித்த கல் நகராது, மின்னுவதை நிறுத்தாது. களிமண்ணுக்கு 'தாங்கி', அதில் சண்டையே வரவில்லை, ஆச்சரியம். ஆறு பேர் சரி என்றிருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் "எதையாவது போடுங்கள்" என்றவர்கள்.

---

அலசூர் அக்கா:

பதிப்பதென்றால் குழித்து உள்ளே வைப்பது. நொதியை ஜெல்லுக்குள் அடைக்கும் முறையும் இருக்கிறதே, அதற்கு என்ன சொல்வாய் தம்பி? ஒரு பையன் தப்பாக அடித்தான் என்று சொல்லைக் கைவிடுவார்களா? அவனுக்கு ழகரம் சொல்லிக்கொடு. தளையை நான் விடுவதாயில்லை.

---

மல்லேஸ்வரம் ஐயா:

'பதி' என்றதும் தோன்றியது. சைவ சித்தாந்தத்தின் பதி, பசு, பாசம் (இறைவன், உயிர், கட்டு). பசுவைக் கட்டும் கயிறுதான் பாசம்; பாசமென்றாலும் தளையென்றாலும் ஒன்றே. ஆக, அக்காவும் தம்பியும் ஒரே இடத்துக்குத்தான் வருகிறீர்கள். 'பாச நொதி' எப்படி? விரிவாக இரவில் எழுதுகிறேன்.

---

ஐயா, அச்சுக்குப் போய்விட்டது.